எழுதிக்கொள்ளும்

அமலாவுக்குத் தன் பேரைச் சொல்லத்தான் பயம். வரப்பில் பாம்பு கிடந்தால் கையில் அகப்பட்ட கழியால் ஒரே போடு போடுவாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலையைத் தோண்டப் பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டிக்கொண்டு தனியாகப் போய் விரட்டிவிட்டு வருவாள். ஆனால் "உன் பேரு இன்னாம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். 'அ' என்கிற எழுத்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். "அ... அ... அ..." என்று அவள் முட்டி மோதுவதற்குள் கேட்டவர் சிரித்திருப்பார், இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்று முகத்தைத் திருப்பியிருப்பார். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பாள். அதையும் வாயால் சொல்லமாட்டாள், எழுதித்தான் காட்டுவாள்.

திண்டிவனத்திலிருந்து வல்லம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் நாவலேந்தல். ஏரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. காலனியில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அங்கே சண்டை வந்தால் குழாயடியில் வருமே தவிர சாமியால் வந்ததில்லை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்துவிட்டுப் பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வாய் இருந்தும் வார்த்தை வராத பிள்ளை என்ன செய்யும் என்று ஒருத்தராவது சொல்லிவிட்டுப் போனார்களா? ஏழாம் வகுப்பில் அமலா பாடம் வாசிக்க எழுந்தபோது, "டேய், டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆவுது டோய்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். கத்தியவன் பேர் சக்கரபாணி. ஊர்ப் பக்கத்தில் நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பிள்ளை. அவன் பின்னாளில் 'அவர்' ஆனார், அதற்குப் பிறகு வருவோம். அமலா அன்றோடு எழுந்து நிற்பதை நிறுத்திக்கொண்டாள். பேசவேண்டியதையெல்லாம் எழுத ஆரம்பித்தாள். எழுத்து முத்து முத்தாக வந்தது. காலனியில் யாருக்கு முதியோர் பென்ஷன் வேண்டும், யாருக்குப் பட்டா வேண்டும் என்றாலும் இன்றைக்கு வரைக்கும் மனு எழுதுவது அவள்தான்.

மாதா கோயில் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவளுக்கு இந்த வில்லங்கம் இருந்தது. 'பொய் சொன்னேன்' என்பதில் 'பொ' வராது. 'கோபப்பட்டேன்' என்பது சுலபமாக வரும். அதனால் சொன்ன பொய்யையெல்லாம் விட்டுவிட்டு, படாத கோபத்தையெல்லாம் சாமியாரிடம் ஒப்புவித்துவிட்டு வருவாள். இந்தச் சின்னப் பெண்ணுக்கு மாதா மாதம் எங்கிருந்து இவ்வளவு கோபம் வருகிறது என்று அவர் குழம்பிப்போனார். அந்தக் கோபமெல்லாம் முப்பத்தெட்டாவது வயதில் நிஜமாகவே வந்து சேரும் என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தேவா, வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவன். திங்கட்கிழமை வேனில் ஏறினால் சனிக்கிழமை திரும்புவான். நல்ல வாயாடி. பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று கேட்க, அமலாவுக்கு 'ச' வந்து தொண்டையில் நின்றுகொண்டது. தேவா மெதுவாகச் சொன்னான்: "தலைய ஆட்டு புள்ள, சாமி ஒத்துக்குவாரு." அவள் ஆட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்து அவனே பேசினான். நல்ல மனசோடுதான் பேசினான். ஆனால் அவளுக்கு வாய் என்று ஒன்று இருப்பதையே காலனி மறந்துபோனது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த நாக்கு தண்ணீராக ஓடும். காலனி நடுவில் ஒரு மாதா கெபி இருக்கிறது. பாறை மாதிரி சிமெண்டில் கட்டி, உள்ளே சொரூபம் வைத்து, நீல விளக்குப் போட்ட கெபி. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே செபமாலை. முதல் பாதியை ஒருத்தர் சொல்ல, மறுபாதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். முடிவில் மன்றாட்டு மாலை. முன்னால் நிற்பவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக ராகம் போட்டு இழுப்பார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று திருப்பிச் சொல்லும். கூட்டத்தோடு சொல்லும்போது அமலாவுக்கு ஒரு எழுத்தும் இடறாது. நடவுப் பாட்டிலும் அப்படித்தான். கூட்டத்தில் ஒரு குரலை யார் தனியாகக் கேட்கிறார்கள்? அதனால் இது வெகுகாலம் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக இருந்தது.

மூன்றாவதாகத் தெரிந்துகொண்டவள் பொன்னி. காலனி நடவுக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, பன்னிரண்டு பெண்கள் அவள் சொன்னால் சேற்றில் இறங்குவார்கள். மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவள். ஆனால் சனிக்கிழமை செபமாலைக்குத் தவறாமல் வந்துவிடுவாள். "சுண்டல் குடுக்கிறாங்க, வர்றேன். இதுல இன்னா இருக்குது?" என்பாள். மாதாவிடம் அவள் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. செபமாலையை முன்னின்று சொல்பவள் லூர்து. ஒல்லிக் குரல், கூர்மையான கண். இவர்கள் இரண்டு பேரும்தான் அமலாவுக்குக் கூட்டாளிகள். அவள் ஒரு வார்த்தைக்கு முட்டும்போது இவர்கள் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கமாட்டார்கள், காத்திருப்பார்கள். அமலாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு புயல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் அமலாவின் அம்மா ஞானம்மாள் நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டாள். ரோடு அறுந்து கிடந்தது, திண்டிவனத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை, தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் பன்னிரண்டு அடி. தரையில்? வருஷத்துக்கு ஒரு உழவுச் சால் என்று இரண்டு பக்கமும் டிராக்டர் விட்டு விட்டு, அதை ஒன்றரை அடி வரப்பாக ஆக்கிவைத்திருந்தார் சக்கரபாணி. இப்போது அவர் பஞ்சாயத்துத் தலைவர். பாதைக்கு இரு பக்கத்து நிலமும் அவருடையது. பொன்னியின் கூட்டத்துக்குப் பாதி வேலை அவர் நிலத்தில்தான். யார் போய்க் கேட்பது? பதினோரு வருஷமாக அமலா மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பஞ்சாயத்து ஆபீசில் அது எந்தக் காகிதக் கட்டிலோ தூங்கிக்கொண்டிருந்தது.

நாலு பேர் தோளில் போகவேண்டிய பெட்டி, அன்றைக்கு இரண்டு பேர் தலையில் போனது. தேவா முன்னால், அவன் தம்பி பின்னால். வாய்க்கால் உடைந்து வரப்பின் மேலேயே முழங்கால் தண்ணீர் ஓடியது. பம்புசெட்டு மேட்டில் குடையோடு நின்றிருந்த சக்கரபாணி, "இருக்கிற பயிரையாவது மிதிக்காம போங்கப்பா" என்று குரல் கொடுத்தார். தேவாவுக்குக் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. மூடி கழன்றுகொண்டது. ஞானம்மாளின் வெள்ளைச் சேலை சேற்றுத் தண்ணீரில் விரிந்தது. பின்னால் வந்த அமலா, "அம்மா" என்று கத்த வாயைத் திறந்தாள். 'அ' வரவில்லை. பெற்றவள் தண்ணீரில் கிடக்கிறாள், பெண்ணுக்கு அவளைக் கூப்பிட ஒரு எழுத்து வரவில்லை. என்ன கொடுமை இது! மற்றவர்கள் இறங்கித் தூக்கி, முகத்தைக் கழுவி, எப்படியோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் பாதையோரம் ஒரு லாரி வந்து வேலிக் கல்தூண்களை இறக்கிவிட்டுப் போனது. தை அறுப்பு முடிந்ததும் கம்பி வேலி போடப்போகிறாராம் தலைவர். வேலி வந்துவிட்டால் அந்த ஒன்றரை அடியும் போயிற்று. அப்புறம் காலனிக்காரர்கள் செத்தால் ஏரியைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

அமலா உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். வரைபட நகலை வைத்துத் தைத்தாள். ஒரு திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் விழுப்புரத்துக்கு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனாள். மனுவை வாங்கிய அலுவலர் நல்ல மனிதர். "கையெழுத்து நல்லா இருக்குதும்மா. கிராமசபைத் தீர்மானம் ஒண்ணு இருந்தா அளவை ஆளுங்க ஜல்தியா வருவாங்க. ஜனவரி இருபத்தாறு வருதில்ல, எழுந்து சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்க" என்றார். 'எழுந்து சொல்லி' என்பதைக் கேட்டதும் அமலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். "தி... தி... தி..." பின்சீட்டில் ஒருவன் 'க்ளுக்' என்றான். கண்டக்டர் அவசரப்பட்டார். அமலா "மெட்ராஸ்" என்றாள். 'மெ' சுலபமாக வந்தது. மெட்ராசுக்குக் காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, திண்டிவனத்தில் இறங்கிவிட்டாள். "ஏம்மா, மெட்ராசுக்கு எடுத்துட்டு இங்க எறங்குறே?" என்று கண்டக்டர் கேட்டதற்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சேலை மடிப்பில் இருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பொன்னி கூச்சல் போட்டாள். "ஏன்டி, மெட்ராசுக்கு எதுக்குடி டிக்கெட்டு? ஒனக்கு இன்னா பைத்தியமா?"

"தி-தி-தி... வரலக்கா" என்றாள் அமலா.

பொன்னி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுபோய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருசம் எத்தினி ஊருக்குடி இப்படி டிக்கெட் எடுத்த?"

விஷயம் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்தில் இருந்த லூர்து யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மோசேக்கே திக்குவாய்தான்."

"யாரு அந்த மோசே? எந்தூரு?" என்றாள் பொன்னி.

"பைபிள்ள வர்றவரு. கடவுள் நேரா வந்து, ராசாகிட்ட போய் எஞ்சனத்த விடுன்னு கேளுன்னாரு. எனக்குப் பேச வராது, வேற ஆள அனுப்புன்னாரு மோசே. வாயக் குடுத்தவனே நான்தானே, போடான்னுட்டாரு."

"போனாரா?"

"போனாரு. தொணைக்கு அண்ணன் ஆரோனக் கூட்டிக்கினு போனாரு."

"அண்ணன் இல்லன்னா இன்னா, அக்கா நான் ஒருத்தி இருக்கேன்ல" என்றாள் பொன்னி. அப்புறம் மெதுவாக, "ஏன்டி அமலா, நடவுல எங்கூட பாடறப்ப ஒனக்கு ஒரு எழுத்தும் திக்க மாட்டேங்குதே, அத நான் கவனிக்காமலா இருந்தேன்?" என்று கேட்டாள். அமலா நிமிர்ந்து பார்த்தாள்.

அப்படித்தான் திட்டம் உருவானது. லூர்துவும் அமலாவும் ஒன்றாக எழுந்து, ஒரே குரலில் மனுவைப் படித்துவிடுவது. மூன்று வாரம் ஒத்திகை. சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டே, "நாவலேந்தல் ஊராட்சி, காலனி மக்களுக்குப் பாத்தியப்பட்ட" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல, பொன்னி கூட்டத்துப் பெண்கள் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. சேதி வாய்க்காலைத் தாண்டிப் போகாமல் இருக்குமா? போயிற்று. நடவுக்கு இனிமேல் வேனில் வெளியூர் ஆள் வரும் என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

"வரட்டும்" என்றாள் பொன்னி. "அவங்களுக்கும் செத்தா போறதுக்குப் பாதை வேணும்ல. வந்தா அவங்களையும் சேத்துக்கினு போறேன்னு சொல்லு."

எல்லாம் சரிதான். கிராமசபைக்கு முந்தின நாள், சனிக்கிழமை செபமாலைக்கு அமலா வரவில்லை. லூர்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அம்மிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயமா?"

"ப-பயம்தான்."

"சரி, பயத்தோடவே வா. பயம் போனப்புறம்தான் வரணும்னா மார்ச் மாசக் கிராமசபைதான். அதுக்குள்ள வேலி வந்துடும்."

தேவா குறுக்கே வந்து, "நான் படிக்கிறேன் லூர்தக்கா, எதுக்கு இவளுக்கு இந்தப் பேஜாரு?" என்றான். அமலா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள். பீடத்தின் முன்னால் அவன் சொன்னபடி ஆமென்று ஆட்டினவள், அவன் பேச்சுக்கு வேண்டாம் என்று ஆட்டியது அன்றைக்குத்தான். தேவா ஒதுங்கிக்கொண்டான்.

இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் கிராமசபை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பார்வையிட ஓர் அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊராட்சிச் செயலர் பூவரசன் குடிநீர், கொசு மருந்து என்று மளமளவென்று வாசித்தார். தலைவர் "வேற ஒண்ணும் இல்லியே, முடிச்சிக்கலாமா?" என்று எழப்போனார்.

"இருக்குது தலைவரே!" என்று பொன்னி எழுந்தாள். "கல்லறைப் பாதை விசயம். மனு இருக்குது, படிக்கணும்."

அமலாவும் லூர்துவும் தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சக்கரபாணி இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.

"மனு எழுதினது அமலாதானே? அப்ப அவங்களே பேசட்டும். ரெண்டு பேரு சேந்து படிக்கிறதுக்கு இது கோயில் இல்ல. கிராமசபையில ஒருத்தர்தான் பேசணும். லூர்தும்மா, நீங்க உக்காருங்க."

லூர்து உட்காரவில்லை. அமலாதான் அவள் கையை விடுவித்துக்கொண்டாள். தாளைத் தனியாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"நா... நா... நா..."

நாவலேந்தலில் 'நா' நின்றுவிட்டது. பின்னால் யாரோ, "இன்ஜின் ஸ்டார்ட் ஆவுது டோய்!" என்றார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, அதே பள்ளிக்கூடம், அதே சொல். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். அமலாவுக்கு உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. அப்போது கண்ணெதிரே அம்மாவின் வெள்ளைச் சேலை தண்ணீரில் விரிந்தது. அவளுக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! சின்ன வயதில் சாமியாரிடம் பொய்யாக ஒப்புவித்ததெல்லாம் வட்டியோடு வந்தது. முதல் கோபம் கடவுள் மேல்தான். 'ஆண்டவரே, வாயக் குடுத்தவன் நான்னு சொன்னது நீதானே? வேற நாக்கு கேக்கல. நீ குடுத்த இந்த நாக்கை வச்சிக்கினே பேசப் போறேன். கூட வர்றதானா வா' என்று மனசுக்குள் சொன்னாள். மனசுக்குள் அவள் ஒருநாளும் திக்கியதில்லை.

தாளை மடித்து இடுப்பில் செருகினாள். தலைவரை நேராகப் பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலத்து அந்த ராகத்தை எடுத்தாள்.

"நாவலேந்தல் கிராமத்துக் கல்லறைப் பாதையே—"

குரல் கணீரென்று சாமியானாவைத் தாண்டிப் போனது. ஒரு எழுத்து இடறவில்லை. காலனிப் பெண்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ராகம் காதில் விழுந்தால் அவர்கள் வாய் என்ன செய்யும்? பிறந்ததிலிருந்து செய்கிற பழக்கத்தைச் செய்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்கூடச் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பக்கம் வெடித்துச் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பாதையைப் பார்த்து வேண்டிக்கொள்ளச் சொன்ன கூட்டத்தை அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார். பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

பொன்னி இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினாள். "ஏய்! பாதை எங்கடி வேண்டிக்கும்? வேண்டிக்கிறதெல்லாம் சனிக்கிழம பாத்துக்கலாம். எழுதிக்கொள்ளும்னு சொல்லுங்கடி!"

அமலா நிறுத்தவே இல்லை.

"வரைபடத்திலே பன்னிரண்டு அடியான பாதையே—"

"எழுதிக்கொள்ளும்!"

"தரையிலே ஒன்றரை அடியான பாதையே—"

"எழுதிக்கொள்ளும்!"

"பதினோரு வருசம் மனுக் கொடுத்த பாதையே—"

"எழுதிக்கொள்ளும்!"

"வேலிக் கல்லு வந்து இறங்கின பாதையே—"

"எழுதிக்கொள்ளும்!"

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அமலா ஒரு மூச்சு எடுத்தாள்.

"அம்மா ஞானம்மாள் பெட்டி விழுந்த பாதையே—"

'அ'வில் தொடங்கி, 'அம்மா' என்று, ஊர் கேட்கச் சொன்னாள். தேவாதான் ஆண்கள் பக்கத்திலிருந்து முதலில் கத்தினான், குரல் உடைந்துபோய். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். "எழுதிக்கொள்ளும்!"

"நிறுத்துங்க!" என்றார் சக்கரபாணி. "இது இன்னா கிராமசபையா, கெபியா?"

ஒன்றியத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஒருத்தர்தான் பேசணும்னு நீங்கதானே சொன்னீங்க தலைவரே. ஒருத்தர்தான் பேசினாங்க. ராகம் போடக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லீங்க. தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கைய தூக்குங்க."

முதல் கை ஊர்ப் பக்கத்திலிருந்து எழுந்தது. சீனுவாசன், நாலு ஏக்கர்க்காரர், சக்கரபாணிக்கு அடுத்த கொல்லை. "வரப்ப வருசா வருசம் தின்னுக்கினு வர்றது எனக்கும்தான் தெரியும்பா. எழுது" என்றார். அதற்குப் பிறகு எழுந்த கைகளைப் பூவரசன் எண்ணக்கூட இல்லை, எழுதத் தொடங்கிவிட்டார்.

"முன்மொழிந்தவர் பேரு..." என்று சொல்லிக்கொண்டே, தெரிந்த பேர்தானே என்று அவர் பேனாவை ஓட்டப்போனார்.

அமலா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அ... அ... அ..."

லூர்து மெதுவாக, "ராகத்துல சொல்லிடேன்" என்றாள். அமலா மாட்டேன் என்று தலையசைத்தாள். பொன்னி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள், இருமக்கூட ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. பூவரசன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றியத்து அம்மா காத்திருந்தார். சக்கரபாணியும் வேறு வழியில்லாமல் காத்திருந்தார். ஒரு தேங்காய் உரிக்கிற நேரம் ஆயிற்று.

"அ-அ-அமலா. ச-சவுரிராயன், ஞா-ஞானம்மா... பொ-பொண்ணு."

ஏன் ராகத்தில் சொல்லவில்லை என்று பின்னால் லூர்து கேட்டதற்கு, பாட்டு பாதைக்கு, பேர் எனக்கு என்று எழுதிக் காட்டினாள்.

பங்குனியில் திண்டிவனத்திலிருந்து அளவை ஆட்கள் சங்கிலியோடு வந்து, இரண்டு பக்கமும் கல் நட்டார்கள். பன்னிரண்டு அடி, ஓர் அங்குலம் குறையவில்லை. வேலித்தூண்கள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. நடவுக்கு வெளியூர் ஆள் வரவும் இல்லை. நாற்று முற்றுகிற நேரத்தில் தலைவர் வீட்டிலிருந்து பொன்னிக்கே போன் வந்தது. பொன்னி மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் செபமாலையின் முதல் பாதியை அமலா சொல்கிறாள். ராகம் இல்லாமல், தனியாக, தன் நாக்கோடு. இருபது நிமிஷத்தில் முடிகிற செபமாலை முக்கால் மணி நேரம் ஆகிறது. "மாதாவே தூங்கிடுவாங்கடி, சுண்டல் வேற ஆறிப்போவுது" என்று பொன்னி முணுமுணுப்பாள். யாராவது அவசரப்பட்டு வார்த்தையை எடுத்துக் கொடுக்கப்போனால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவதும் அவள்தான். பஸ்ஸில் அமலா திண்டிவனத்துக்குத் திண்டிவனம் என்றே கேட்டு டிக்கெட் வாங்குகிறாள். கண்டக்டர் நிற்கட்டுமே, என்ன குடிமுழுகிப் போகிறது?

கல் நட்ட அன்றைக்குச் சாயங்காலம், அம்மாவின் கல்லறைக்கு வைக்கப் புதுச் சிலுவையை எடுத்துக்கொண்டு பாதையில் போனார்கள். அமலா, பொன்னி, லூர்து, தேவா, நாலு பேரும் ஒரே வரிசையில், தோளோடு தோள். எதிரே சக்கரபாணி பைக்கில் வந்தார். அவர்கள் வழி விடுகிற மாதிரி தெரியவில்லை என்பதால் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எதையாவது சொல்லவேண்டுமே என்று சொன்னார்:

"இன்னா அமலா, ஒனக்கு வாய் வந்துடுச்சு போல."

தேவா வாயைத் திறந்தான். அமலா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். சக்கரபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பைக் இன்ஜின் படபடத்துக்கொண்டிருந்தது. அமலா அந்த இன்ஜினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சாவியைத் திருப்பி அதை அணைக்கும் வரை காத்திருந்தாள். பிறகு அவசரமே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"வா-வா-வாய் எ-எனக்கு எப்பவும் இ-இருந்துச்சுங்க தலைவரே. கா-கா-காதுதான் உ-உங்களுக்கு... இ-இப்ப வந்திருக்குது."